பிள்ளைகளைக் கப்பலேற்றும் முன்...

ஆண்டுத் தேர்வு நெருங்கினால் நம் மஹல்லாக்களில் ஒரு பேச்சு எழும். "பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் விடுமுறையில் தெருமுனையில் நின்று வீணாகிறார்கள். அவர்களை ஒரு குழுவாக வெளிநாட்டுக்கு அழைத்துப் போனால் என்ன? நாலு ஊர் பார்த்ததாகவும் இருக்கும், நாலு பேருக்கு ஊழியம் செய்ததாகவும் இருக்கும்" என்பார்கள் பெற்றோர். ராயபுரத்துப் பிள்ளைகளும் திருவொற்றியூர்ப் பிள்ளைகளும் பெயர் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். மண்ணடி வணிகர்கள் செலவில் பங்கெடுக்க முன்வருவார்கள்.

நல்ல எண்ணம். இதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. துறைமுகத்துக் கிரேன்களையும் கன்டெய்னர் லாரிகளையும் பார்த்தே வளரும் நம் பிள்ளைகள், அந்தக் கப்பல்கள் போகும் திசையில் ஒருமுறையாவது போய் வர வேண்டும். ஆனால் விருப்பம் வேறு, தயாரிப்பு வேறு. விருப்பத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு அயல்நாட்டுக்கு ஊழியம் செய்யப் போகிறவன், அங்கே உதவியாளனாக இருக்க மாட்டான்; அங்குள்ளவர்கள் உதவ வேண்டிய இன்னொரு ஆளாக இருப்பான்.

எனவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கோடை எண்ணூர். அடுத்த கோடை இலங்கை. ஓராண்டு பயிற்சி இல்லாமல் ஒரு பிள்ளையையும் கப்பலேற்றாதீர்கள்!

ஏன் இலங்கை?

வெளிநாடு என்றால் துபையும் மலேசியாவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஊழியத்துக்கு என்றால் பக்கத்து வீட்டிலிருந்து தொடங்குவதே முறை. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணக் கரையிலுள்ள காங்கேசன்துறைக்குக் கடல்வழி ஏறத்தாழ 110 கிலோமீட்டர்தான். 1984-இல் ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் நின்றுபோன பிறகு நெடுங்காலம் மூடிக் கிடந்த கடல்வழிப் பயணம், 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து திறக்கப்பட்டது. சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 அன்று மீண்டும் தொடங்கியது. மழைக்காலத்தில் நிற்பதும் பிறகு ஓடுவதுமாக இருக்கும் சேவை அது.

தேவையும் அங்கே இருக்கிறது. 2022-இல் அந்நாடு பொருளாதாரத்தில் நொடித்து, பால்பவுடருக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, தமிழ்நாட்டு அரசின் அரிசியும் பால்பவுடரும் மருந்தும் ஏற்றிய முதல் கப்பல் மே 18 அன்று நம் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் புறப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே புயல் வலுவிழந்து நம் கரையருகே வந்து நின்று, டிசம்பர் முதல் நாட்களில் வடசென்னைத் தெருக்களையும் முழங்கால் நீரில் நிறுத்தியது. ஒரே புயல் நனைத்த இரண்டு கரைகள்! போக வேண்டிய இடம் எது என்பதில் குழப்பமில்லை. எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

நல்ல மனம் மட்டும் போதுமா?

தூரத்துக் கதை வேண்டாம், நம் கரையையே பாருங்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கடலில் கொட்டிய எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் தார்போல் ஒதுங்கியது. உறிஞ்சும் இயந்திரங்களால் அந்தக் குழம்பை இழுக்க முடியவில்லை. மீனவர்களும் மாணவர்களும் தொண்டர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள். அந்த உழைப்புக்கு இந்த நகரம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அள்ளியவர்கள் எல்லோருக்கும் கையுறை கிடைத்ததா? முகமூடி கிடைத்ததா? அந்த எண்ணெய் தோலையும் மூச்சையும் என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாராவது முன்கூட்டிச் சொன்னார்களா? பலருக்கு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியபோதும் இதே காட்சிதான். ஆறு ஆண்டுகளில் நாம் கற்றுக்கொண்டது போதவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியை எடுத்துக்கொள்ளுங்கள். நாகை மாவட்டக் கரையில் உடல்களைத் தூக்கி அடக்கம் செய்ய நம் சமுதாய இளைஞர்கள் இறங்கினார்கள். அது வரலாறு. ஆனால் அதே நாகப்பட்டினத்தில் தமிழகம் முழுவதிலிருந்தும் லாரி லாரியாக வந்து இறங்கிய பழைய துணிகள் தொடுவாரின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தனவே, அது எதன் விளைவு? அனுப்பியவர்கள் கெட்டவர்களா? இல்லை. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காதவர்கள். மானத்தோடு உழைத்து வாழ்ந்த மீனவன், வீட்டை இழந்ததால் அடுத்தவன் உடுத்துக் களைந்ததை உடுத்துவான் என்று நினைத்துவிட்டார்கள்.

அயல்நாட்டில் இந்த அறியாமைக்கு விலை இன்னும் அதிகம். 2010 ஜனவரியில் ஹைத்தி நாடு நிலநடுக்கத்தில் நொறுங்கியது. உதவப் போன அமெரிக்கத் தேவாலயக் குழுவினர் 10 பேர், 33 குழந்தைகளை அநாதைகள் என்று சொல்லி உரிய ஆவணங்கள் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோக முயன்று, ஜனவரி 29 அன்று பிடிபட்டுச் சிறைப்பட்டார்கள். விசாரித்தால், அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தது தெரிய வந்தது. காப்பாற்றப் போகிறோம் என்று நினைத்தவர்கள், கடத்தல் குற்றச்சாட்டுக்கு ஆளானார்கள். நம் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். நிய்யத் நல்லதாக இருந்தால் அல்லாஹ்விடம் கூலி உண்டு. ஆனால் எல்லைக் காவலன் நிய்யத்தைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்ப்பான்.

யாரைப் பார்க்கப் போகிறோம்?

இலங்கையில் தமிழ் பேசுகிறார்கள், ஆகவே எல்லாம் நமக்குத் தெரியும் என்ற எண்ணம்தான் பெரிய ஆபத்து. அங்கே 'கதைத்தல்' என்றால் பேசுவது. பள்ளி 'தவணை' என்றால் பருவம். இந்தச் சொற்களைக் கற்றுக்கொள்வது எளிது. மனத்தின் காயங்களைக் கற்றுக்கொள்வதுதான் கடினம்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் 5 மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் 2 மணி நேரம். 70,000-க்கும் மேற்பட்டோர் அகதிகளானார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். அங்கேயே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தும் விட்டது. நம் பிள்ளைகள் தமிழ்நாட்டு மேடைகளில் கேட்ட முழக்கங்களோடு அங்கே போய் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினால், அந்த வீட்டுப் பாட்டியின் முகம் எப்படி மாறும்? அதேபோல் யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில், 1983 ஜூலையையும் 2009-ஐயும் தெரியாமல் உட்கார்ந்தால் அவர்களின் மௌனம் நமக்குப் புரியுமா? இரண்டு தரப்பும் அடிபட்டவர்கள். அங்கே தீர்ப்புச் சொல்ல நமக்கு அருகதை இல்லை. காது கொடுத்துக் கேட்க மட்டுமே போகிறோம்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளில் 250-க்கும் மேற்பட்ட அப்பாவிகள் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் ஒரு சிறு கும்பல். அடுத்த மாதமே கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு அடி வாங்கியது அந்நாட்டு முஸ்லிம் சமுதாயம். கொரோனாக் காலத்தில், 2021 பிப்ரவரி வரை முஸ்லிம் ஜனாஸாக்களைக்கூட எரித்தார்கள். இப்படிப்பட்ட மண்ணில் தமிழ்நாட்டிலிருந்து முப்பது முஸ்லிம் பையன்கள் ஒரே மாதிரி பனியன் அணிந்து, அமைப்பின் கொடியோடு இறங்கினால் அடுத்த நாள் பத்திரிகையில் என்ன வரும்? நாம் ஒரு வாரத்தில் திரும்பிவிடுவோம். சந்தேகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறவர்கள் அங்குள்ள சகோதரர்கள். கொடி வேண்டாம், பேனர் வேண்டாம், மேடை வேண்டாம்.

காசிமேட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பாடம். வடஇலங்கை மீனவனிடம் 'தமிழ்நாடு' என்று சொன்னவுடன் அவன் நினைவுக்கு வருவது, அவன் வலையைக் கிழித்துக்கொண்டு போன நம் இழுவைப் படகுகள். அந்நாடு 2017-இல் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. நம் மீனவர்கள் அங்கே சிறைப்படும் வேதனையும் உண்மை. அவன் வயிற்றெரிச்சலும் உண்மை. இரண்டையும் தெரிந்துகொண்டு போகிற பிள்ளைதான் அங்கே மரியாதையாகப் பேச முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புத்தளம் மாவட்டம் நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. கொழும்பின் குப்பையைக் கொண்டுவந்து அருவக்காட்டில் கொட்டும் திட்டத்தை எதிர்த்துப் புத்தளம் மக்கள் 2018, 2019-இல் தெருவில் இறங்கினார்கள். சாம்பலும் குப்பையும்! எண்ணூர், அத்திப்பட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுங்கையூர்ப் பிள்ளைகளுக்கும் இதைவிடத் தெரிந்த விஷயம் வேறு உண்டா? ஆகவே நாம் பணக்கார நாட்டிலிருந்து தர்மம் செய்யப் போகிறவர்கள் அல்ல. நகரத்தின் கழிவைச் சுமக்கும் ஒரு கரையிலிருந்து, அதையே சுமக்கும் இன்னொரு கரைக்குப் போகிறவர்கள். இந்த எண்ணம் பிள்ளையின் நெஞ்சில் பதிந்தால் கர்வம் தானாக ஓடிவிடும்.

வணிகப் பெருமக்களுக்கு...

உங்களிடம் மூன்று விஷயங்களை வெளிப்படையாகப் பேச வேண்டும்.

முதலாவது, பொட்டலம். 'குருவி' என்றால் என்னவென்று மண்ணடியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "பையன் சும்மாதானே போகிறான், இந்தச் சின்னப் பார்சலை அங்கே என் நண்பரிடம் கொடுத்துவிடட்டும்" என்ற ஒரு வார்த்தை, ஒரு பிள்ளையின் வாழ்க்கையை முடித்துவிடும். 2020-இல் இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியதும் சமையல் மஞ்சளே கடத்தல் பொருளாகி, மூட்டை மூட்டையாகப் பிடிபட்டது நினைவிருக்கும். வளைகுடாவில் நம் வீட்டுக் கசகசாவே போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. எந்த நாட்டில் எது குற்றம் என்று பதினாறு வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்? செலவில் பாதியை நீங்களே கொடுத்திருந்தாலும் சரி, ஒரு ஊசிகூட அவன் பையில் வைக்காதீர்கள். புறப்படும் முன் ஒவ்வொரு பையும் பெற்றோர் முன்னிலையில் திறந்து பார்க்கப்பட வேண்டும்.

இரண்டாவது, பணம். ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டுப் பிரிவினர். அதில் பள்ளிக்கூடப் பிள்ளையின் கப்பல் டிக்கெட் வராது. ஏழைக்குப் போக வேண்டிய காசில் நம் பிள்ளை ஊர் பார்த்துவிட்டு வருவதை ஊழியம் என்று சொல்ல நாக்கு கூச வேண்டும். பயணச் செலவு பெற்றோருடையதாக இருக்கட்டும். முடியாத வீட்டுப் பிள்ளைக்கு உங்கள் சொந்தச் சதக்காவிலிருந்து கொடுங்கள். அங்குள்ளவர்களுக்கு உதவித் தொகை அனுப்புவதானால் வங்கி வழியாக, சட்டப்படி, ரசீதோடு அனுப்புங்கள். உண்டியல் வழி வேண்டவே வேண்டாம். பொருளாகக் கொடுப்பதானால் இங்கிருந்து மூட்டை கட்டாதீர்கள். புத்தளத்துக் கடையிலேயே வாங்கிக் கொடுங்கள். அந்தக் கடைக்காரருக்கும் பிழைப்பு நடக்கும்.

மூன்றாவது, கணக்கு. முப்பது பிள்ளைகளை அனுப்ப ஆகும் தொகையை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அதே தொகையை அங்குள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டாவதே மேல் என்று தோன்றினால் பணத்தை அனுப்புங்கள், பிள்ளைகளை அனுப்பாதீர்கள். பிள்ளைகள் போவதால் மட்டுமே நடக்கக் கூடிய நன்மை என்ன என்ற கேள்விக்குப் பதில் இருந்தால்தான் பயணம்.

பெற்றோருக்கு...

பிள்ளை உங்கள் அமானத். அழைத்துப் போகிறவர் ஆலிமா, தலைவரா, உறவினரா என்று பார்த்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள், கேளுங்கள். எந்த விசாவில் போகிறார்கள்? சுற்றுலா அனுமதியில் போய் மார்க்கப் பிரசாரம் செய்யக் கூடாது, வேலையும் செய்யக் கூடாது. 2020-இல் நம் நாட்டுக்குச் சுற்றுலா விசாவில் வந்த தப்லீக் சகோதரர்கள் எத்தனை மாதம் வழக்கோடு அலைந்தார்கள் என்று பார்த்தோம். பிறகு நீதிமன்றங்கள் பலரை விடுவித்தன. ஆனால் பிரிந்திருந்த மாதங்கள் திரும்பி வரவில்லை. தொண்டு நோக்கம் என்றால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இந்தியத் தூதரக அலுவலகம் இருக்கிறது. அதன் தொலைபேசி எண் ஒவ்வொரு தாயின் கையிலும் இருக்க வேண்டும்.

எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர்? ஐந்து பேருக்கு ஒருவராவது வேண்டும். தங்குவது எங்கே? ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியறையில் தங்கும் ஏற்பாடு எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். நேர்மையான அமீர் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவரோடு பிள்ளையை அனுப்பாதீர்கள். பெண் பிள்ளைகள் என்ன செய்வது என்று தாய்மார்கள் கேட்பார்கள். பயிற்சி அவர்களுக்கும் முழுமையாக உண்டு. பயணம் தாயோ தந்தையோ கூட வரும்போது. முதலுதவியும் வரலாறும் ஆண்களுக்கு மட்டும் எழுதி வைத்தவை அல்ல.

பயிற்சிக் கூடம் எது?

சவூதி அரேபியாவில் ஆண்டுதோறும் ஹஜ் காலத்தில் சாரணச் சிறுவர்கள் ஊழியம் செய்கிறார்கள். வழி தவறிய ஹாஜியைக் கைபிடித்துக் கூடாரத்தில் சேர்ப்பது அவர்கள் வேலை. நம் ஊர் ஹாஜிகள் பலர் அந்த உதவியை அனுபவித்திருப்பார்கள். ஹாஜிகள் வருமுன்பே அந்தச் சாரணர்கள் மினாவில் தெருத் தெருவாக நடந்து, எந்த முகாம் எங்கே என்று அளந்து வரைபடம் தயாரிக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. வழி காட்டுகிறவன் முதலில் வழியைக் கற்கிறான்!

நம் பிள்ளைகளுக்கு மினா எண்ணூர்தான். இந்தக் கோடையில் அவர்கள் தம் வார்டின் வரைபடத்தைத் தாமே வரையட்டும். மழை வந்தால் எந்தத் தெருவில் முதலில் நீர் ஏறும், எந்த வீட்டில் படுத்த படுக்கையாக முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடம் எது, பள்ளிவாசல் எது, கோயில் எது, தேவாலயம் எது என்று குறிக்கட்டும். இந்து வீடு, கிறிஸ்தவ வீடு, முஸ்லிம் வீடு என்ற பேதமில்லாமல் கதவைத் தட்டட்டும். முதலுதவி கற்கட்டும், நீச்சல் கற்கட்டும். கையுறையும் காலணியும் இல்லாமல் கழிவு நீரில் இறங்கக் கூடாது என்பதைக் கற்கட்டும். சொந்தத் துணியைத் துவைக்கவும், பத்துப் பேருக்குச் சமைக்கவும், கொடுத்ததைச் சாப்பிடவும் பழகட்டும். பயணத்தில் கஸ்ர் தொழும் முறையை ஓதிக் கொள்ளட்டும். இருபது சிங்களச் சொற்களைக் கற்கட்டும். உதவி வாங்குகிறவரின் முகத்தைப் படமெடுக்காமல் இருக்கக் கைப்பேசியைப் பையில் வைத்துப் பழகட்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினமான பாடம்!

பிறகு ஐப்பசி, கார்த்திகை வரும். மழை வரும். அதுதான் தேர்வு. அந்த இரவில் எந்தப் பிள்ளை வந்தான், எவன் போர்வைக்குள் இருந்தான், எவன் படமெடுத்துப் போட்டுவிட்டுப் போனான், எவன் கடைசிப் பாத்திரம் கழுவும் வரை நின்றான் என்று மஹல்லா பார்த்துவிடும். அந்தப் பட்டியலிலிருந்து பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். அதற்கிடையில் புத்தளத்துப் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கடிதம் எழுதிக் கேளுங்கள். எங்கள் பிள்ளைகளால் உங்களுக்கு என்ன பயன்? எப்போது வந்தால் தொல்லையில்லை? நமக்குக் கோடை விடுமுறை என்பதால் அவர்களுக்கும் விடுமுறை என்று நினைக்காதீர்கள். அவர்கள் பள்ளித் தவணைகள் வேறு. "வர வேண்டாம்" என்று பதில் வந்தால் அதையும் மரியாதையோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

"ஓராண்டு காத்திருந்தால் பிள்ளைகளின் ஆர்வம் ஆறிவிடுமே" என்று சிலர் கேட்கலாம். ஆறிப்போகும் ஆர்வம் இங்கேயே ஆறட்டும். காங்கேசன்துறையில் இறங்கிய பிறகு ஆறினால் யார் பொறுப்பு? "அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பாயிற்றே" என்றால், தேர்வு முடித்துவிட்டு வரட்டும். கப்பல் ஓடிப்போகாது.

ஒருவேளை அடுத்த கோடையில் கப்பல் ஓடாமலும் போகலாம். விசா கிடைக்காமல் போகலாம். அங்கிருந்து அழைப்பு வராமலும் போகலாம். அப்போதும் நமக்கு நட்டமில்லை. எந்த வீட்டில் முதியவர் இருக்கிறார் என்று தெரிந்த, கையுறை போடத் தெரிந்த, படமெடுக்காமல் உதவத் தெரிந்த நூறு பிள்ளைகள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நமக்குக் கிடைத்திருப்பார்கள். பயிற்சி இல்லாமல் போய் வந்தாலோ, கைப்பேசியில் நானூறு படங்கள் மட்டுமே மிஞ்சும்.

ஜமாஅத் நிர்வாகிகளே, இளைஞர் அமைப்புப் பொறுப்பாளர்களே! வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு மஷூராவுக்கு உட்காருங்கள். கப்பல் டிக்கெட் விலையை விசாரிக்கும் முன், உங்கள் வார்டின் வரைபடத்துக்கு ஒரு பெரிய வெள்ளைத் தாளை வாங்குங்கள். இன்ஷா அல்லாஹ், பயணம் அங்கிருந்து தொடங்கட்டும்.